பழைய டிவி ஒன்று வேண்டும்: ஷட்டர் பெட்டியா, போர்ட்டபிளா, கலரா, வெறும் கூடா?

ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் பழைய டிவி பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

முதல் ஆள் விருதுநகர்க்காரர். தாத்தா வீட்டை இடிக்கப்போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது, ஷட்டர் வைத்த சாலிடேர் டிவி ஒன்று போர்வை சுற்றியபடி கீழே இறங்கியிருக்கிறது. "அண்ணே, இதை ஓட வைக்கலாமா, இல்ல பழைய இரும்புக்காரர்கிட்ட தள்ளிவிட்டுடலாமா?" என்கிறார். இரண்டாவது, கோவையில் வேலை பார்க்கும் பையன். சின்ன வயதில் வாத்து சுட்டு விளையாடிய வீடியோ கேமையும் அதன் துப்பாக்கியையும் எங்கோ தேடிப் பிடித்துவிட்டான். வீட்டு எல்இடி டிவியில் ஒரு வாத்தும் விழமாட்டேன் என்கிறது. மூன்றாவது, மதுரையில் டீக்கடை திறக்கப்போகும் கணவன் மனைவி. கடை மூலையில் அந்தக் காலத்து டிவி ஒன்று இருக்க வேண்டும், காலையிலிருந்து இரவு வரை அதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூவரும் கேட்டது 'பழைய டிவி'தான். ஆனால் ஒருவருக்குப் பொருந்தும் பெட்டி இன்னொருவருக்குத் தண்டச் செலவு. என்னிடம் இப்போது ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன, ஐந்து ஓடுகின்றன. ஓடாத நான்கும் மரத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கியவை. கீழே சொல்வதில் பாதி அந்த நான்கும் கற்றுக்கொடுத்தது.

## விலை பேசும் முன்

பிக்சர் டியூப், அதாவது படம் தெரியும் அந்தப் பெரிய கண்ணாடிக் குழாய். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கெபாசிட்டர் போனால் மாற்றலாம், டிரான்சிஸ்டர் போனால் மாற்றலாம், மரம் உடைந்தால் ஆசாரியைக் கூப்பிடலாம். டியூப் போனால் போனதுதான். இங்கே பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்), சாம்டெல் போன்ற நிறுவனங்கள் டியூப் செய்துகொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. புதிதாக யாரும் செய்வதில்லை. இன்னொரு பெட்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

சோதிப்பது எளிது. ஒரே நிபந்தனை, பெட்டி ஆறியிருக்க வேண்டும். விற்பவர் "இப்பத்தான் ஓட்டிக் காட்டினேன்" என்றால் ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். ஆறிய பெட்டியைப் போட்டதும் கால் நிமிடத்துக்குள் படம் வந்தால் நல்ல டியூப். இரண்டு மூன்று நிமிடம் இழுத்து, மெல்லத் தெளிந்தால் வயதாகிவிட்டது. பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்கள். முகங்களில் வெள்ளை வரவேண்டிய இடம் ஈயம் பூசியதுபோல் மினுங்கிப் பரவினால், அந்த டியூபில் மிச்சம் அதிகமில்லை. "டியூபைச் சார்ஜ் பண்ணித் தரேன்" என்பார்கள். அப்படிச் செய்தால் படம் வரும். எவ்வளவு நாள் தாங்கும் என்று செய்தவராலேயே சொல்ல முடியாது.

படம் எந்த வழியாக உள்ளே போகும். வாங்கி வந்த பிறகுதான் பலர் இதை யோசிக்கிறார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலப் பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசை) சேனல் கிடைத்தால் போதும். அதனால் பல பெட்டிகளின் டியூனரில் (சேனல் மாற்றும் குமிழில்) 2 முதல் 12 வரைதான் எண்கள் இருக்கும். படத்தையும் ஒலியையும் நேராகக் கொடுக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி சாக்கெட் எதுவும் கிடையாது. இப்போது மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டும் பயனில்லை. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைச் சில இடங்கள் நீங்கலாக 2022க்குள் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நாமே வீட்டுக்குள் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் வைக்க வேண்டும். அதுதான் ஆர்எஃப் மாடுலேட்டர். செட்டாப் பாக்ஸின் ஏவி வெளியீட்டை இதில் கொடுத்தால், அது ஒரு சேனலாக மாற்றி ஆன்டெனா முனைக்கு அனுப்பும்.

இதில் நான் இரண்டு முறை அடி வாங்கினேன். முதலில் வாங்கிய மாடுலேட்டர் யுஎச்எஃப் (விஎச்எஃபைவிட உயர்ந்த அலைவரிசை) மட்டும் அனுப்பும் வகை. என் பெட்டியின் டியூனருக்கு யுஎச்எஃப் என்றால் என்னவென்றே தெரியாது. திரை முழுக்க மணல் கொட்டியது. இரண்டாவது விஎச்எஃப் அனுப்பியது. படம் அழகாக வந்தது, செய்தி வாசிப்பவர் வாயசைத்தார், சத்தம் மட்டும் இல்லை. ஒலிப்பெருக்கி போய்விட்டதென்று பின்மூடியைக் கழற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். நம் பெட்டிகள் பால்-பி என்ற ஒளிபரப்பு முறை (மாட்டுப்பால் இல்லை). அதில் படத்துக்கும் ஒலிக்கும் நடுவே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்க வேண்டும். வந்த கருவி 6.5இல் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. விற்ற கடையில் கேட்டபோது, "படம் வருதுல்ல சார்?" என்றார்கள். மூன்றாவது கருவியை வாங்கும்போதுதான் விஎச்எஃப் உண்டா, ஒலி இடைவெளியை 5.5க்கு மாற்ற முடியுமா என்று இரண்டையும் கேட்டு வாங்கினேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஓட்டுவதற்கும், டீக்கடையில் தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கும் ஒரே பெட்டி சரிவராது.

கை வைக்க ஆள். உங்கள் ஊரில் டியூப் டிவி பார்த்த மெக்கானிக் இன்னும் கடை வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் உங்கள் தேர்வு பாதியாகச் சுருங்கிவிடும். இது மின்சார ஆபத்து சம்பந்தப்பட்ட வேலையும்கூட. டியூபின் பக்கவாட்டில் ரப்பர் கிண்ணம் மாதிரி ஒட்டியிருக்கும் இஎச்டி (மிக உயர் மின்னழுத்த) முனையில் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், 21 இன்ச் கலரில் 25,000 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். வீடியோ பார்த்துவிட்டு ஸ்குரூடிரைவரோடு இறங்காதீர்கள்.

இடம், எடை, குழந்தைகள் ஆகியவற்றை ஒவ்வொரு பெட்டியோடும் சேர்த்துச் சொல்கிறேன்.

## ஷட்டர் வைத்த மரப்பெட்டி

சாலிடேர், டயனோரா, கெல்ட்ரான், ஈசி, அப்ட்ரான், கோனார்க். இதில் முதல் இரண்டும் சென்னைத் தயாரிப்பு. 20 இன்ச், அதாவது 51 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரச் சட்டங்கள், பூட்டுச் சாவி. பரீட்சை சமயத்தில் அந்தச் சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டிமேல் இன்றும் ஒரு கோபம் உண்டு. அதே ஆட்கள்தான் இப்போது தேடி வாங்குகிறார்கள்.

தென்மாவட்டங்களில் கிடைக்கும் பெட்டிகளில் ஒரு விசேஷம் இருக்கிறது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்த அந்த ஒளிபரப்பு கடல் தாண்டி நம் கரையோர ஊர்களில் விழுந்தது. பிற்பாடு கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வரும்வரை பல ஊர்களுக்கு ரூபவாஹினிதான் டிவி. தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, பூஸ்டர் மாட்டி, காற்றடித்தால் ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்... போதும் போதும், போச்சு" என்று கத்திய காலம். அந்த வீட்டுப் பெட்டிகளோடு ரிப்பன் வயரும் பூஸ்டரும் சேர்ந்தே கிடைக்கலாம். விடாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்பன் வயர் 300 ஓம், இப்போதைய கேபிள் 75 ஓம். இரண்டையும் இணைக்கும் பாலன் என்ற சிறு பொருள் அதோடு தொங்கிக்கொண்டிருக்கும். தனியாகத் தேடினால் அலைய வேண்டும்.

நல்ல ஷட்டர் பெட்டி ஓடும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை. டியூனரைத் திருப்பினால் கடக் கடக் என்று கையில் ஒரு கனம். நிறுத்தினால் படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, சில விநாடி நின்று, மறையும். என் மகள் இந்தப் புள்ளியைப் பார்ப்பதற்காகவே நிறுத்தி நிறுத்திப் போடுவாள். (போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.)

வாங்கியபின் வரும் செலவுகளைச் சொல்கிறேன். பெட்டியின் விலை அதில் சின்னப் பகுதிதான். நான் ஒரு டயனோராவை 1,500 ரூபாய்க்கு வாங்கி, அது ஓடுவதற்குள் அதைப்போல் மூன்று மடங்கு செலவழித்தேன். பல வருஷம் தூங்கிய பெட்டியில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். அதை நேரடியாகச் சுவர் பிளக்கில் சொருகினால் சிலசமயம் புகைதான் முதல் ஒளிபரப்பு. 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாகத்தான் முதல் முறை மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி தப்பிக்கும். டியூனரின் தொடுமுனைகள் கறுத்திருக்கும், சுத்தம் செய்தால் சரியாகும். திரை நடுவில் கிடைமட்டமாக ஒரு கோடு மட்டும் நின்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி போயிருக்கிறது. பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தீரும் வியாதி. டியூபுக்கு உயர் வோல்ட் உண்டாக்கும் எல்ஓடி டிரான்ஸ்பார்மர் போயிருந்தால்தான் தலைவலி. அந்த மாடலுக்கான எல்ஓடியைத் தேடி சென்னை ரிச்சி தெருவில் நான் நடந்த நடைக்கு ஒரு ஜோடி செருப்பு போனது.

மரத்திலும் ஏமாறலாம். பல பெட்டிகள் முழு மரம் இல்லை, பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தாள். அடிப்பக்கத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் கரையான். ஷட்டரின் மரச் சட்டங்கள் பின்னால் ஒரு துணியில் ஒட்டியிருக்கும். துணி கிழிந்து ஷட்டர் சிக்குவது சகஜம். கேன்வாஸ் துணியும் மரப்பசையும் ஒரு மாலை நேரமும் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். நான் சொந்தக் கையால் தைரியமாகச் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

1970களின், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வு கலந்த பெட்டி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் தொடாதீர்கள். பல மாடல்களில் உலோகச் சேஸிஸ் (உள்சட்டம்) நேராக மெயின்ஸோடு, அதாவது சுவர் மின்சாரத்தோடு, இணைந்திருக்கும். அனுபவமுள்ளவர் வரும்வரை அதைக் காட்சிக்கு வைப்பதே நல்லது.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். அங்கே மரத்துக்குத்தான் விலை சொல்வார்கள், டியூப் இருக்கிறதா என்பதே சிலருக்குப் பொருட்டில்லை. ஓட்டுவதற்காக வாங்குகிறவர், கடையை மூடிய டிவி மெக்கானிக்குகளைத் தேடிப் போகலாம். அவர்கள் வீட்டில் சொந்தக்காரர் திரும்ப வாங்காத பெட்டி ஒன்றாவது கிடக்கும், எது போயிருக்கிறது என்று உள்ளதைச் சொல்வார்கள்.

## 14 இன்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள்

அழகில் ஷட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வராது. சிவப்போ கறுப்போ பிளாஸ்டிக் கூடு, மேலே ஒரு கைப்பிடி, இழுத்து நீட்டும் ஆன்டெனா. ஆனால் பழைய டிவியைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் மின்சாரம். இவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடும்படி செய்தவை. கரன்ட் இல்லாத ஊரில் லாரி பேட்டரியில் மாட்டி கிரிக்கெட் பார்த்தார்கள். உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருப்பதால் சேஸிஸ் மெயின்ஸிலிருந்து பிரிந்திருக்கும், மெக்கானிக்கும் நிம்மதியாகக் கை வைப்பார். மாடுலேட்டர் தேடாமல், வீடியோ சிக்னலை நேராக உள்ளே கொடுக்க ஒரு சாக்கெட் பொருத்தச் சொல்லலாம். படம் இன்னும் கூர்மையாக வரும். மின்சாரச் செலவு ஒரு குண்டு பல்பு அளவுகூட இல்லை. ஒற்றை ஆள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரலாம், நானே வந்திருக்கிறேன்.

இதன் தம்பியும் உண்டு. சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் கொண்டுவந்த 5 இன்ச் ரேடியோ-டிவி. சிலவற்றில் பக்கவாட்டிலேயே ஏவி துளை இருக்கும். மேசைமேல் வைக்க அருமை, கூடிப் பார்க்க உதவாது.

குறை என்னவென்றால், பெருமையாகக் காட்டினாலும் யாரும் "ஆஹா" என்று சொல்லமாட்டார்கள். மலிவாகச் செய்த பெட்டிகள் என்பதால் போர்டில் டிரை சோல்டர் (பற்றவைப்பு சரியாகப் பிடிக்காமல் விடுவது) அதிகம், தட்டினால் படம் வரும், மறுபடி தட்டினால் போகும். மேலே தட்டிச் சரிசெய்யும் கலை இந்தப் பெட்டியில்தான் வளர்ந்தது.

## கலர் டியூப் டிவி

இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982இல் சுதந்திர தின நிகழ்ச்சியோடும் அதே ஆண்டின் டெல்லி ஆசிய விளையாட்டுகளோடும் வந்தது. ஆனால் இப்போது வாங்க வேண்டியது அந்த ஆரம்பக் காலக் கலர் பெட்டி இல்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் நடுவரை வந்த 14, 20, 21 இன்ச் பெட்டிகள். ஏவி சாக்கெட் பெரும்பாலும் இருக்கும். செட்டாப் பாக்ஸ், பழைய விசிஆர், வீடியோ கேம் எல்லாவற்றையும் நேராகச் சொருகலாம். கல்யாண கேசட்டை விசிஆரில் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். விசிஆரின் ஆன்டெனா வெளியீடு பெரும்பாலும் யுஎச்எஃப். ஷட்டர் பெட்டியில் அதை ஏற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழ்நாட்டில் இந்த வகையில் நமக்கு ஒரு தனிச் சொத்து இருக்கிறது: 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி. ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். இன்னும் எத்தனையோ வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் துணி மூடிக் கிடக்கிறது. சேகரிப்பவர்கள் இதை மதிப்பதில்லை, நான் மதிக்கிறேன். வயது குறைவு, ஒரே மாதிரிப் பெட்டிகள் ஊர் முழுக்க இருப்பதால் உதிரிக்குக் குறைவில்லை. முதலில் உங்கள் சித்தி வீட்டில் கேளுங்கள்.

கோவைப் பையனின் வாத்து ஏன் விழவில்லை என்பதற்கும் விடை இந்தப் பெட்டியில்தான். விசையை அழுத்தியதும் விளையாட்டு ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். டியூப் டிவியில் அந்தக் கட்டம் தாமதமில்லாமல் வரும். எல்இடி டிவி படத்தை வாங்கிப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் துப்பாக்கி தேடி முடித்திருக்கும். ஆனால் கலர் டியூப் டிவியிலும் '100 ஹெர்ட்ஸ்' என்று எழுதிய பெட்டியை எடுக்காதீர்கள். அதுவும் படத்தைச் சேமித்து வைத்துத்தான் காட்டும், துப்பாக்கி வேலை செய்யாது. கடைசிக் காலத்தில் வந்த 'ஸ்லிம்' வகைகளில் ஓரத்து நேர்க்கோடுகள் வளைந்து நெளிவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம்.

சோதிக்கும்போது முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை நீலப்பச்சையாகத் தெரிந்தால், டியூபுக்குள் சிவப்பு நிறத்துக்கான எலக்ட்ரான் துப்பாக்கி சோர்ந்துவிட்டது. அது தேறாது. மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ திட்டாக இருந்தால் காந்தத்தின் வேலை. பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள், தேறிவிடும். சோனி டிரினிட்ரானில் திரைக்குக் குறுக்கே மயிரிழைபோல் ஒன்றோ இரண்டோ கோடு தெரியும். கோளாறு என்று விலையைக் குறைத்துப் பேசலாம், ஆனால் அது உள்ளே இருக்கும் கம்பியின் நிழல், எல்லா டிரினிட்ரானிலும் உண்டு.

இதில் எடையைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 21 இன்ச்சை ஒருவர் மூச்சுப் பிடித்துத் தூக்கலாம். 29 இன்ச் தட்டைத் திரை நாற்பது கிலோவைத் தாண்டும், எடை முழுக்க முன்பக்கம். குழந்தைகள் உள்ள வீட்டில் மேசை விளிம்பில் வைத்தால் ஒருநாள் கவிழும். கொண்டுவரும்போது காரின் பின்சீட்டில் திரை சாய்மானத்தைப் பார்த்தபடி வையுங்கள். பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். எனக்கு ஒரு டியூப் கழுத்தொடிந்து வந்து சேர்ந்தது, அனுப்பிய நிறுவனம் நஷ்டஈடு கோரும் படிவம் ஒன்றை அனுப்பியதோடு சரி.

ஏவி சாக்கெட் இல்லாத பழைய கலர் டிவியில் "சாக்கெட் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால் உஷார். அந்தப் பெட்டிகளில் சேஸிஸ் மெயின்ஸோடு இணைந்து, அதில் மின்சாரம் இருப்பது சாதாரணம். வெளியே நீட்டிய சாக்கெட்டின் உலோகம் வழியாக 230 வோல்ட் உங்கள் செட்டாப் பாக்ஸுக்கும் கைக்கும் வரும். அதற்கு மாடுலேட்டர்தான் வழி.

புதுக் கருவிகளிலிருந்து படம் எடுக்க எச்டிஎம்ஐ-ஏவி கன்வெர்ட்டர் வாங்கினால் அதில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதை அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் விட்டுவிட்டால் பால் முறை மட்டுமே தெரிந்த பெட்டியில் கலர் வராது, கறுப்பு வெள்ளைப் பெட்டியிலோ படம் மேலும் கீழும் உருளும். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

## கூடு பழையது, உள்ளே எல்சிடி

சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் டியூப் செத்த ஷட்டர் பெட்டி வீணாகக் கிடப்பதைவிட இது மேல்.

அளவு ஆச்சரியமாகப் பொருந்தும். 51 சென்டிமீட்டர் டியூபில் கண்ணுக்குத் தெரியும் பகுதி சுமார் 38க்கு 29 சென்டிமீட்டர். பழைய ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் 19 இன்ச் சதுர வகை மானிட்டர் 37.6க்கு 30. நீள்சதுர மானிட்டரை வைத்தால்தான் மேலும் கீழும் ஓட்டை தெரிந்து அசிங்கமாகும். பழைய திரையின் வட்ட மூலைகளுக்காகக் கறுப்பு அட்டையில் ஒரு சட்டம் வெட்டி முன்னால் வைத்தால் போதும். மரத்தில் ஆணி அடிக்காமல், பழைய டியூபின் திருகு இருந்த அதே நான்கு துளைகளில் எல்-கிளாம்ப் போட்டு மானிட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு நல்ல டியூப் கிடைத்தால் திரும்ப மாற்றலாம்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வெளியே பிதுங்கி நிற்கும் அழகு போய்விடும். பக்கத்தில் வந்து பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம், கழற்றிய டியூபை ஆசாரியிடமோ பழைய இரும்புக்காரரிடமோ "உடைச்சுப் போட்டுடுங்க" என்று கொடுக்காதீர்கள். உள்ளே வெற்றிடம். உடைந்தால் கண்ணாடி முதலில் உள்ளே இழுத்து, பின் நாலாபுறமும் தெறிக்கும். கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் முழுசாகக் கொடுப்பதே வழி. சேஸிஸ் போர்டை மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது தங்கம்.

## ஒரே பார்வையில்

| | ஷட்டர் பெட்டி | போர்ட்டபிள் | கலர் டியூப் | கூட்டில் எல்சிடி |
|---|---|---|---|---|
| படம் கொடுக்கும் வழி | விஎச்எஃப் மாடுலேட்டர் | மாடுலேட்டர் அல்லது நேரடிச் சாக்கெட் | ஏவி நேராக | எச்டிஎம்ஐ, விஜிஏ |
| நாள் முழுக்க ஓட்ட | கூடாது | வேண்டாம் | ஓரளவு | தாராளமாக |
| எடை | இருவர் வேண்டும் | ஒரு கை | 21 இன்ச் வரை ஒருவர் | ஷட்டர் பெட்டியைவிடக் குறைவு |
| உதிரி | அலைய வேண்டும் | பரவாயில்லை | எளிது | பிரச்சினையே இல்லை |
| அதிகம் செலவு வைப்பது | எல்ஓடி, மரவேலை | டிரை சோல்டர் | கொண்டுவருவது | ஆசாரி கூலி |
| பழைய வீடியோ கேம் | சிரமம் | கறுப்பு வெள்ளையில் | இதுதான் | துப்பாக்கி உதவாது |

## மூவருக்கும் சொன்னது

கோவைப் பையனுக்கு யோசிக்கவே தேவையில்லை. 21 இன்ச் கலர், ஏவி சாக்கெட் முன்பக்கம் இருந்தால் நல்லது, 100 ஹெர்ட்ஸ் வேண்டாம். இலவச டிவியே கிடைத்தது அவனுக்கு, அத்தை வீட்டில். வாத்து விழுகிறதாம். ஓடும்போது 'கீ' என்று ஒரு சத்தம் வருகிறது, கோளாறா என்று கேட்டான். கோளாறு இல்லை, விநாடிக்கு 15,625 கோடுகள் வரையும் சத்தம் அது. இளைஞர்களுக்குக் கேட்கும். எனக்குக் கேட்பது நின்று ஐந்தாறு வருஷமாகிறது.

மதுரை டீக்கடைக்கு எல்சிடி வைத்த ஷட்டர் கூடு. அவர்களுக்கு முதலில் மனமில்லை, "ஒரிஜினலா இருந்தாத்தான் கெத்து" என்றார் அந்த அம்மா. தினம் பன்னிரண்டு மணி நேரம், அடுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் மின்தடை. ஒரு வருஷத்தில் டியூபைக் கொன்றுவிடுவீர்கள் என்றேன். டியூப் ஏற்கனவே செத்த பெட்டியாகத் தேடச் சொன்னேன். உயிருள்ள பெட்டியின் வயிற்றைக் கிழித்து எல்சிடி வைப்பதற்கு மட்டும் நான் ஆள் இல்லை.

விருதுநகர்க்காரருக்குத்தான் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பெட்டியைப் பிளக்கில் சொருகாமல், பின்மூடியைக் கழற்றி டியூபின் கழுத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எதையும் தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். பல கறுப்பு வெள்ளை டியூப்களில் உள்பக்கக் கண்ணாடியில் வெள்ளி பூசியதுபோல் ஒரு திட்டு தெரியும். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இரும்புக்காரருக்கு முன் மதுரைத் தம்பதியைக் கேட்டிருப்பேன். படத்தில் திட்டு கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. எலி வயரைக் கொறித்திருக்கிறது, அடிப்பலகையில் ஒரு பல்லி காய்ந்து கிடக்கிறது, டியூப் பிழைத்திருக்க வாய்ப்பிருக்கிறது. சிவகாசியில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பிடித்திருக்கிறார். "சீரிஸ் பல்பு இல்லாம கை வைக்க மாட்டேன் தம்பி" என்றாராம் அவர். சரியான ஆளிடம்தான் போயிருக்கிறார். பெட்டிக்குள்ளேயே, ஸ்பீக்கருக்குப் பின்னால், தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தாத்தாவின் லைசென்ஸ் புத்தகமும் இருந்ததாம். அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.